திருப்பி வைத்த கல்லா

வக்கீலம்மா,

இன்று காலை கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அஞ்சலை அந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள்.

"மொதலாளி, இது ஆடுது. ஒரு காலு லொட லொடங்குது. யாராச்சும் உழுந்து வெச்சா பேஜாரு."

கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு திருகாணி கழன்றிருந்தது, அவ்வளவுதான். என் கையாலேயே முடுக்கிவிட்டு நிமிர்த்தி வைத்தபோதுதான் மேல்பலகையைப் பார்த்தேன். நடுவில் பாலிஷ் முழுக்கப் போய்விட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து மரம் வழவழவென்று ஆகியிருந்தது. விரலால் ஒரு தடவு தடவினேன். ஒரு பொட்டுத் தூசி இல்லை. உடனே உங்கள் விரல் ஞாபகத்துக்கு வந்தது. போனை எடுத்து உங்கள் பெயர் வரைக்கும் போய்விட்டேன். பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது. மணி அடித்தால் எடுக்க நீங்கள்தான் இல்லை.

அதனால் எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவன். நீங்கள் வாசித்திருந்தால் "இத்தச் சொல்ல இவ்ளோ பேப்பரா, முதலாளி?" என்று கேட்டிருப்பீர்கள்.

நம் பழக்கம் நல்லபடியாக ஆரம்பிக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து உங்கள் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வந்த அன்று, திண்டிவனம் கடைத்தெருவே கேட்கும்படி உங்களைத் திட்டினேன். என் ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் புடவைப் பகுதியில் வேலை செய்த அஞ்சலையைக் காரணமில்லாமல் நீக்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் பதில் எழுதினேன். 'மேற்படியார் தானாகவே வேலையை விட்டுச் சென்றுவிட்டார்.' அது பொய். எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது?

நடந்தது இதுதான். ஆடித் தள்ளுபடி நேரம். கடையில் கூட்டம் நெரிந்தது. சாயங்காலம் நான் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அஞ்சலை ஒரு புடவைப் பண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைப்பெண்கள் உட்காரக் கூடாது. உள்ளே வருகிறவர்கள் கண்ணுக்கு ஆள் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிற மாதிரி தெரியும் என்பது ஜவுளிக்காரன் எல்லோரும் நம்புகிற விஷயம். நானும் நம்பினேன். வாடிக்கையாளர்கள் எதிரிலேயே, "காலு வலிச்சா ஊட்ல போய் உக்காரு. இங்க இன்னா கண்காட்சியா?" என்று கத்தி, வாசலைக் காட்டினேன். அவள் எடுத்துப் போட்டிருந்த புடவையை மடித்து ராக்கில் வைத்துவிட்டுத்தான் போனாள். அந்த மடிப்பு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

தொழிலாளர் அலுவலக விசாரணைக்கு முன்பே பேசி முடித்துவிடலாம் என்று உங்கள் ஆபீசுக்கு வந்தேன். வியாபாரி புத்தி. கோர்ட்டுப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூச்சு வாங்கும் மாடிப்படி. உள்ளே ஒரே மாதிரி ஏழு நாற்காலி. வக்கீல் நாற்காலி எது, கட்சிக்காரர் நாற்காலி எது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு அம்மா வந்து, சுவரோரமாக நின்றபடி அழுகையும் பேச்சுமாக ஆரம்பித்தது. நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"மொதல்ல உக்காரு."

அந்த அம்மா நாற்காலி நுனியில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தது.

"நல்லா உக்காரும்மா. முதுகு சாயணும். நீ சாஞ்சாதான் நான் பேனாவத் தொறப்பேன்."

"இருக்கட்டும் மேடம், பழக்கமில்ல."

"பழக்கிக்க. எனக்கு நேரம் நெறைய கெடக்குது."

அந்த முதுகு நாற்காலியில் சாயும் வரைக்கும் நீங்கள் எழுதவே இல்லை. அப்புறம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "காலையில எத்தனை மணிக்கு ஊட்ட விட்டுக் கெளம்புற?" சண்டை எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள், எதுவும் கேட்கவில்லை. கிளம்புகிற நேரத்திலிருந்து ஆரம்பித்து அந்த அம்மாவின் ஒரு நாள் முழுவதையும் எழுதி வாங்கினீர்கள். இந்தப் பொம்பளைக்குக் கேஸ் நடத்தத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு தப்பு!

என் முறை வந்தது. அஞ்சலைக்கு ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றேன். நீங்கள் அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நான் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னீர்கள். பதில் உடனே வந்தது.

"காசு வேணாம் மேடம். எனக்கு என் வேலை வேணும். நாலு பேரு எதிர்ல எழுந்து போன்னாரு இல்ல? அதே நாலு பேரு எதிர்ல உக்காருன்னு சொல்லட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அம்மா, நானும் நின்னு வந்தவன்தான். சைக்கிள்ல புடவை மூட்டை கட்டிகினு மண்டகப்பட்டுலருந்து கண்டாச்சிபுரம் வரைக்கும் ஊரு ஊரா அலைஞ்சிருக்கேன். எனக்கு எவன் ஸ்டூலு போட்டான்?" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நீங்க நின்னதுக்கு உங்களுக்குக் கடை கெடச்சுது. அஞ்சல நின்னதுக்கு அவளுக்கு இன்னா கெடச்சுது? ஆடுசதையில நரம்பு சுருட்டிகினு கெடக்குது. பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பதினோரு வருடம் என் கண் முன்னால் நின்றவளின் காலை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. படி இறங்கி வந்துவிட்டேன்.

விசாரணை நாளன்று ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் தொழிலாளர் அலுவலகத்துக்கு வந்தேன். என்னிடம் கேமரா பதிவு இருந்தது. அவள் உட்கார்ந்த அந்த நாலு நிமிடத்தை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடு என்று கேமரா மாட்டியவனிடம் சொல்லியிருந்தேன். அவனுக்கு வெட்டி எடுக்கத் தெரியவில்லையோ, சோம்பலோ, "எதுக்கும் இருக்கட்டும்னு அன்னிக்கி பூராவும் போட்டுட்டேன் சார்" என்றான். நானும் சரி என்று வாங்கி வந்துவிட்டேன். வியாபாரத்தில் நான் செய்த தப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பெரியதும் நல்லதும் அதுதான்.

லேப்டாப்பில் அந்த நாலு நிமிடத்தை ஓட்டிக் காட்டினேன். "பாருங்க சார், வியாபார நேரத்துல உக்காந்துகினு இருக்காங்க" என்று அதிகாரியிடம் சொன்னேன். அஞ்சலையோடு எதிரே உட்கார்ந்திருந்த நீங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள். "முழு நாளும் இருக்குது போல? காலையிலருந்து ஓட்டுங்களேன்."

அதிகாரிக்கு வேறு கூட்டம் இருந்தது. "நீங்க ரெண்டு தரப்பும் பாத்துகினு இருங்க, வந்துடறேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் வேகமாக ஓட்டக் கை வைத்தேன். நீங்கள் தடுத்தீர்கள்.

"வேகமா ஓட்டுனா காலு வலி தெரியாது, முதலாளி. அது ஓடற மாதிரியே ஓடட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தீர்கள். "அவ நின்ன நேரத்த நாமளும் நின்னே பாக்கலாமே. அஞ்சல, நீ உக்காரு."

எனக்கு மானப் பிரச்னை ஆகிவிட்டது. ஒரு பொம்பளை, அதுவும் என்னைவிட வயதில் மூத்தவர், நிற்கும்போது நான் உட்காருவதா? நானும் எழுந்தேன். அஞ்சலை மட்டும் நடுவில் நாற்காலியில். திரையில் கடை திறந்தது. அவள் சாமி படத்துக்குப் பூ வைத்தாள். புடவை எடுத்துப் போட்டாள். மடித்தாள். ஏணியில் ஏறினாள், இறங்கினாள். மறுபடி எடுத்துப் போட்டாள். வந்தவர்கள் எல்லோரும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். வாங்காமல் எழுந்து போனவர்கள்கூட உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

"அந்த ஓரத்துல வெள்ளச் சட்டை யாரு?" என்றீர்கள்.

"நான்தான்."

"உக்காந்துகினு இருக்கீங்க."

"கல்லாவுல நின்னுகினா இருப்பாங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. கேமரா சொல்லுது."

ஒரு மணி நேரம் ஆனது. திரையில் இன்னும் மதியச் சாப்பாடே வரவில்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே யாரோ ஈயத்தை ஊற்றிய மாதிரி இருந்தது. ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றேன். மேஜையைப் பிடித்தேன். ஒன்றேகால் மணி நேரம் இருக்கும், முழங்கால் தானாக ஆட ஆரம்பித்தது. நீங்கள் திரையைத்தான் பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. அஞ்சலை பார்த்துவிட்டாள். தன் பக்கத்து நாற்காலியை என் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"உக்காருங்க மொதலாளி. பரவால்ல."

அவ்வளவுதான். குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். உண்மையாகவே இரக்கப்பட்டுச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வந்த சுகம் இருக்கிறதே, அதற்குப் பேர் தெரியவில்லை. அந்தச் சுகத்துக்காக நாலு நிமிடம் உட்கார்ந்ததற்குத்தான் அவளை வெளியே போ என்றேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி திரும்பி வரும் முன்பு நீங்கள் சாயங்காலப் பகுதிக்கு ஓட்டச் சொன்னீர்கள். நாலு நிமிடம் முடிந்த இடத்தில் நான் நிறுத்தி வைத்திருந்ததற்கு அடுத்த நிமிடம். கேமராவுக்குக் காது இல்லை. ஆனால் கை தெரிந்தது. கல்லாவிலிருந்து நீண்டு வாசலைக் காட்டுகிற கை.

"அந்தக் கை யாருது, முதலாளி?" என்றீர்கள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"என்னுதுதாம்மா."

அதிகாரி உள்ளே வந்தார். என்னைக் கிழிக்கப்போகிறீர்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீங்களோ, "சார், எதிர்த் தரப்பு பதிலத் திருத்திக் குடுக்க நெனைக்கிறாங்க. ஒரு வெள்ளைப் பேப்பர் கெடைக்குமா?" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னைத் தூக்கி எறிந்திருக்கலாம். அந்த வெள்ளைப் பேப்பரைக் கொடுத்தீர்கள். நான் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அஞ்சலை வந்தாள். புடவைப் பகுதியில் புது ஸ்டூல் ஒன்று போட்டிருந்தேன். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, எல்லோர் காதிலும் விழ, "அஞ்சல, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் இருப்பாள், எழுந்துவிட்டாள். என் கடமை முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தீர்கள். நூல் புடவை வேண்டும் என்றீர்கள். நிஜமாகவே ஒன்று எடுத்தீர்கள், பச்சைக் கரை போட்டது. போகிற போக்கில் அந்த ஸ்டூலை விரலால் தடவி, விரலைத் தூக்கி எனக்குக் காட்டினீர்கள். நுனியில் சாம்பலாகத் தூசி.

"ஸ்டூலு வாங்கினப்ப இருந்த மாதிரியே புதுசா இருக்குதே."

"நான் போட்டுட்டேன். உக்கார வெக்கவும் நான்தான் புடிச்சு அழுத்தணுமா? அவங்க உக்கார மாட்டேங்கிறாங்க."

நீங்கள் கல்லாவுக்கு வந்து, என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, என் இடத்தில் உட்கார்ந்து நேரே பார்த்தீர்கள். அங்கிருந்து பார்த்தால் புடவைப் பகுதி முழுக்கக் கண்ணுக்குள் வந்துவிடும்.

"உங்க கண்ணு முன்னால எந்தப் பொண்ணு உக்காரும்? இந்தக் கல்லாவத் தெருவப் பாத்துத் திருப்பி வெக்க முடியுமா?"

வக்கீலம்மா, நீங்கள் என் கடையில் பாதியை எழுதிக் கொடு என்று கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது. கிழக்கே பார்த்த கல்லா அது. தெரு எனக்கு மேற்கே. மேற்கே பார்த்துக் கல்லாவில் உட்காருவதா? கடை திறந்த அன்று வாஸ்து பார்த்து, மணை போட்டு, பூஜை பண்ணி வைத்த பெட்டி. "கேசுல இது இல்லியே" என்றேன். "இல்லதான். சும்மா கேட்டேன்" என்று புடவைக்குக் காசு கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டீர்கள்.

அன்றைக்கே அஞ்சலை இன்னொன்று சொன்னாள். விசாரணை முடிந்து திரும்பும்போது உங்களால் பஸ் படி ஏற முடியவில்லையாம். அவள்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாளாம். இரண்டு முழங்காலும் தேய்ந்து வருடக்கணக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்களாம். அந்தக் காலோடுதான் என் எதிரே ஒன்றேகால் மணி நேரம் நின்றீர்கள்.

வீட்டில் சண்டை நடந்தது. "மேற்க பாத்துக் கல்லா வெச்சவன் எவன் உருப்பட்டான்? அந்த வக்கீலு உனக்குச் சூனியம் வெச்சிட்டுப் போயிடுச்சு" என்றாள் என் வீட்டுக்காரி. இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு அமாவாசைக்கு மறுநாள், நாள் நட்சத்திரம் பார்க்காமல், நாலு பேரைப் பிடித்துக் கல்லாவைத் திருப்பி வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு எதிரே தெரு. என் முதுகுக்குப் பின்னால் கடை. வியாபாரம் ஏறியது என்று சொன்னால் பொய். இறங்கியது என்றாலும் பொய். வாஸ்துக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது ஒன்றுதான் லாபம்.

திருப்பி வைத்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மத்தியானம் கடை ஓய்ந்திருந்த நேரம், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தரையில் ஸ்டூலை இழுக்கிற 'கிரீச்'. அப்புறம் நீளமாக ஒரு பெருமூச்சு. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டு, எதிரே போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்தேன். உங்களுக்குப் போன் போட்டேன். "உக்காந்துட்டாங்கம்மா" என்றேன். "திரும்பிப் பாத்தீங்களா?" என்றீர்கள். "இல்ல" என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டீர்கள்.

கடைப்பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டமே வந்தது பிறகுதான். அன்றைக்கு நீங்களே கூப்பிட்டு, "முதலாளி, கவர்மெண்டு உங்களப் பாத்துக் கத்துகிச்சு" என்று சிரித்தீர்கள். நானும் வெட்கமில்லாமல் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன். விசாரணை அன்றைக்கு என் கால் பட்ட பாடு நம் மூன்று பேருக்குத்தானே தெரியும்.

அதற்கப்புறம் மாதம் ஒரு தரமாவது கூப்பிடுவீர்கள். "ஒரு ஓட்டல்காரர் கேக்க மாட்டேங்கிறாரு. வக்கீலு சொன்னா மொறைக்கிறாரு. ஒரு முதலாளி இன்னொரு முதலாளிகிட்ட போய்ப் பேசுனா எப்பிடி?" நான் போவேன். எதிராளியாக இருந்தவனை உங்கள் ஆளாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசித்தால் எனக்கே பிடிபடவில்லை. ஒரு நாள் உங்கள் ஆபீசில் வறுத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன், இந்த நாற்காலிப் பைத்தியம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று. தோலைக் காகிதத்தில் குவித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"எங்கம்மா நடவுக்குப் போனவங்க. கூலி கேக்கப் போனா நெலத்துக்காரர் ஊட்டு வாசல்ல நின்னுகினுதான் கேக்கணும். நின்னுகினு கேட்டா கெஞ்சற மாதிரியே இருக்கும். உக்காந்து கேட்டுப் பாருங்க. அதே வார்த்தைதான், ஆனா கேள்வியா மாறிடும்."

"முழங்கால் வலியோட அன்னிக்கு ஏம்மா நின்னீங்க? சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க நின்னிருப்பீங்களா?"

நான் இன்னொரு மல்லாட்டையை எடுத்து உடைத்தேன்.

நீங்கள் போன அன்று அஞ்சலையும் நானும் கடையைப் பூட்டிவிட்டு ஒன்றாக வந்தோம். உங்கள் வீட்டுத் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஓட்டல் அம்மாக்கள், செங்கல் சூளைக்காரர்கள், மரக்காணம் பக்கத்திலிருந்து மீன் கம்பெனிப் பெண்கள், எல்லோரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டில் இருந்ததே பத்து நாற்காலி. அஞ்சலை என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. பந்தல்காரனைப் பிடித்து ஒரு வண்டி நிறைய பிளாஸ்டிக் நாற்காலி இறக்கினேன். ஜல்தியாகப் போடு என்று கத்திக்கொண்டே நானே தூக்கிப் போட்டேன். உட்கார யோசித்தவர்களிடம் அஞ்சலை போய்ப் போய்ச் சொன்னாள். "உக்காருங்க. சாஞ்சு உக்காருங்க. இல்லாட்டி மேடம் எழுந்துடுவாங்க." அழுதுகொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உட்கார்ந்து அழுதார்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் முதுகு சாய்த்து நானும் கொஞ்ச நேரம் இருந்தேன். பச்சைக் கரை நூல் புடவைதான் உங்களுக்குக் கட்டியிருந்தார்கள்.

இதை எழுதி முடிக்கிற நேரம் மத்தியானம் ஆகிவிட்டது. வெயிலுக்குத் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஸ்டூலை அஞ்சலை காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது பின்னால் 'கிரீச்' என்கிறது. திருகாணி முடுக்கிய பிறகு ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்புறம் அந்தப் பெருமூச்சு.

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், வக்கீலம்மா. திரும்பவில்லை.